அம்மா ஏறினால் கொதிக்கும் கார்

அம்மா ஏறி உட்கார்ந்தால் எங்கள் கார் கொதித்துவிடும் என்று எங்கள் குடும்பம் நம்பியது. அதை யாரும் மூடநம்பிக்கை என்று நினைக்கவில்லை. கண்ணால் கண்டு தெளிந்த செய்தியாகவே வைத்திருந்தார்கள். தஞ்சாவூரிலிருந்து அப்பாவும் நானும் கிளம்பினால் கார் திருச்சிவரை சாதுவாகப் போய்த் திரும்பும். அத்தையை ஏற்றிக்கொண்டு மதுரைக்கே போய்வந்திருக்கிறது; சூட்டைக் காட்டும் முள் பாதியைத் தாண்டியதில்லை. அம்மா ஏறினாலோ கதை வேறு. சுவாமிமலைக் கோயில் தெருவின் நெரிசலில் நின்று ஆவி கக்கியது. கரந்தையில் ஒரு மாப்பிள்ளை அழைப்பின் பின்னால் ஊர்ந்தபோது கக்கியது. புன்னைநல்லூரில் ஆவணி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவில் கக்கியபோது, சந்தேகத்துக்கு மிச்சமிருந்த இடமும் போய்விட்டது.

தீர்ப்பை முதலில் சொன்னவள் அத்தை, அப்பாவின் அக்கா. "எங்க வீட்ல இருந்தவரைக்கும் இந்த வண்டி ஒரு தும்மல் போட்டதில்லடா தம்பி. உன் பொண்டாட்டி ஏறினா மட்டும் காய்ச்சல் வந்துடுது பாரு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எங்கள் குடும்பத்தில் கொடுமையான எதையும் சிரிக்காமல் சொல்லும் வழக்கம் இல்லை.

அதன் பிறகு பரிகாரங்கள் தொடங்கின. சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் நசுங்கியது. முன்பக்கத்தில் எலுமிச்சையும் பச்சைமிளகாயும் கோத்த சரம் தொங்கியது. எல்லோரும் ஏறிய பிறகு, கீழே வைத்த பழத்தைத் தாண்டி, வலது காலை முதலில் வைத்து அம்மா ஏற வேண்டும். எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பதால் முன் இருக்கை அவளுக்கு விலக்கப்பட்டது. அம்மா மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. பகலில் வெப்பம் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தப்படும் விதத்தைப் பாடம் நடத்திவிட்டு, மாலையில் எலுமிச்சம்பழத்தைத் தாண்டிக் காரில் ஏறினாள். எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் உடம்பில் ஏதோ அனல் இருக்கிறது என்று உண்மையாகவே நம்பினேன். அவள் தூங்கும்போது நெற்றியில் கைவைத்துப் பார்த்திருக்கிறேன். சாதாரணமாகத்தான் இருக்கும். அனல் உள்ளே இருக்கும்போலும் என்று சமாதானம் செய்துகொள்வேன்.

அம்மா இதையெல்லாம் நம்பினாளா என்றால், இல்லை. ஆனால் மறுப்பதற்கு அவளிடம் வேறு காரணமும் இல்லை. ஒருநாள் அப்பாவிடம், "ஷெட்ல காட்டினீங்களா?" என்று கேட்டாள்.

"காட்டினேனே. ஒண்ணும் இல்லைன்னுட்டான்" என்று சொல்லிவிட்டு அப்பா செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினார்.

அதற்குப் பிறகு அம்மா காரை ஒதுக்கிவிட்டாள். பள்ளிக்குப் பேருந்து, கடைத்தெருவுக்குப் பேருந்து, கல்யாணம் காட்சிக்கும் பேருந்து. கார் வாங்கிய வீட்டில் அம்மா மட்டும் நிறுத்தத்தில் நிற்பதைத் தெருவே பார்த்தது.

வாங்கிய கார் என்று சொல்வதும் சரியில்லை. அத்தையின் கணவர் புதிய வண்டி எடுத்தபோது பழையதைத் தம்பிக்கு என்று அத்தை கொடுத்தது அது. அப்பா கைக்குழந்தையாக இருந்தபோதே அவரைப் பெற்றவள் இறந்துவிட, படிப்பை நிறுத்திக்கொண்டு அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அத்தை. அவள் கொடுத்தது எதுவும் எங்கள் வீட்டில் வெறும் பொருளாக இருந்ததில்லை. அவள் கொடுத்த மிக்ஸி கத்தினால் அது கணீரென்று ஓடுகிறது என்போம்.

அம்மாவுக்கு இளைப்பு உண்டு. குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தால் நெஞ்சு கட்டிக்கொள்ளும். அதனால் அவள் வரும்போது ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடிகளை இறக்கிவிடுவோம். அந்தக் காரில் அவளுக்குக் காட்டப்பட்ட ஒரே சலுகை அதுதான். அதற்கும் அத்தை, "காத்தாடப் போறது நல்லாத்தான் இருக்கு, எறங்கறப்ப என் தலைதான் வைக்கோல்போர் மாதிரி ஆயிடுது" என்பாள்.

அந்த ஆண்டு தையில் அம்மாவின் ஒரே அண்ணனுக்கு அறுபது நிறைந்தது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். முதல் கல்யாணத்தைப் போலவே இதிலும் தாலியின் முதல் முடிச்சைக் கணவன் போட, மற்ற முடிச்சுகளை அவனுடன் பிறந்தவள் போட வேண்டும். மாமாவின் முதல் கல்யாணத்தின்போது அம்மாவுக்கு என் வயதுதான்; அதனால் பெரியப்பா மகள் ஒருத்தி அந்த முடிச்சுகளைப் போட்டிருந்தாள். அம்மா அன்று மணமேடைக்குக் கீழே நின்று அழுததை மாமா மறக்கவில்லை. தொலைபேசியில், "பாப்பா, அன்னைக்கு உனக்கு எட்டல. இந்தத் தடவ நீதான் போடணும். முன்னாடியே வந்துடும்மா" என்றார்.

"வந்துடுறேன் அண்ணே" என்று சொல்லிவிட்டு அம்மா வெகுநேரம் சிரித்த முகமாக இருந்தாள். அவள் அப்படி இருப்பது அரிது என்பதால் எனக்கு அந்த முகம் நினைவில் நிற்கிறது.

முந்தின நாளே பேருந்தில் போய்விடுவதாகத்தான் அவள் சொன்னாள். அப்பா கேட்கவில்லை. "வாசல்ல வண்டிய நிறுத்தி வச்சுட்டு பஸ்ல வந்து எறங்கினா உங்க ஆளுங்க என்ன நினைப்பாங்க? நிக்காம காத்தடிச்சு ஓடினா ஒண்ணும் ஆகாது, வா" என்றார். சம்பந்தி வீட்டுக்காரி என்ற முறையில் அத்தைக்கும் அழைப்பு இருந்தது. விடிகாலையில் நால்வரும் கிளம்பினோம். அப்பாவுக்குப் பக்கத்தில் அத்தை. பின்னால் அம்மாவும் நானும். அம்மா அரக்குப் பட்டு உடுத்தியிருந்தாள். பழத்தைத் தாண்டி வலது காலை வைத்து ஏறினாள்.

கும்பகோணம்வரை அப்பா சொன்னபடியே நடந்தது. ஆடுதுறையைத் தாண்டியதும் பாலத்தில் வேலை நடக்கிறது என்று எல்லா வண்டிகளையும் ஊருக்குள் திருப்பிவிட்டிருந்தார்கள். சம்பா அறுவடைக் காலம். சாலையின் ஒரு பாதியில் நெல்லைக் காயப்போட்டுச் சுற்றிலும் கல் அடுக்கியிருந்தார்கள். மறு பாதியில் ஓர் அறுவடை மெஷின் எங்களுக்கு முன்னால் ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. ஒதுங்கி வழிவிட அதற்கும் இடமில்லை. பின்னாலேயே ஊர்ந்து சென்று ரயில்வே கேட்டில் நின்றோம். கேட் மூடியிருந்தது.

முள் மெல்ல ஏறத் தொடங்கியது. அப்பாவின் கை ஏசி பொத்தானுக்குப் போனது. அம்மா பின்னாலிருந்து, "வேண்டாங்க. இன்னைக்கு எனக்கு மூச்சு வேணும்" என்றாள். அப்பா கையை எடுத்துக்கொண்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் பக்கத்தில் இருந்த அக்காவைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். அந்தக் கை போனதையும் திரும்பியதையும் நான் இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ விதமாகப் பார்த்துவிட்டேன். ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தைக்கு அப்போது நேரமும் இருந்தது.

"ஏறுது பாரு, ஏறுது பாரு!" என்றாள் அத்தை. "ஏம்மா, வலது காலை வச்சுத்தானே ஏறினே?"

"ரெண்டு காலையும் வச்சுத்தான் அண்ணி ஏறினேன்" என்றாள் அம்மா.

சரக்கு ரயில் முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டி தாண்டுவதற்குள் எங்கள் காரின் முன்பக்கத்திலிருந்து வெள்ளை ஆவி கிளம்பிவிட்டது. கேட் திறந்ததும் பின்னாலிருந்த வண்டிகள் ஒலியெழுப்ப, எஞ்சினை நிறுத்தாமலே அப்பா காரை வாய்க்கால் கரையோரம் ஒதுக்கினார். அத்தை இறங்கி, "நான் சொன்னா கோவம் வரும். நான் போய் ஒரு டீயக் குடிக்கிறேன்" என்று கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கடையைப் பார்த்து நடந்தாள்.

அப்பா எஞ்சின் மூடியைத் தூக்கி நிறுத்தினார். அம்மா பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து பார்த்தாள். அதுவரை அவள் அந்தக் காரின் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. பார்க்க விட்டதும் இல்லை. தண்ணீர்த் தொட்டிபோல் முன்னால் நின்ற ரேடியேட்டருக்குப் பின்புறம், கறுப்பு இறக்கைகளோடு ஒரு மின்விசிறி இருந்தது. எஞ்சின் துடித்துக்கொண்டிருந்தது, ஆவி சீறிக்கொண்டிருந்தது, விசிறி மட்டும் அசையாமல் நின்றது.

"இவ்வளவு சூட்டுல இந்த ஃபேன் ஏங்க சுத்தாம நிக்குது?"

"அது ஏசி போட்டாத்தான் சுத்தும்" என்றார் அப்பா.

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே தெரிந்தது. போய் எஞ்சினை அணைத்தார். தண்ணீர் எடுத்துவர பின்பக்கத்திலிருந்து ஒரு கேனை எடுத்தார். அம்மா வழியை மறித்து நின்றாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தண்ணி மொண்டுக்கிட்டு வந்துடுறேன். நேரமாச்சு."

"எப்படித் தெரியும்னு கேட்டேன்."

அப்பா கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார். சூடு ஓர் அளவைத் தாண்டினால் விசிறியைத் தானாகப் போட்டுவிடுவதற்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது, அது செத்துவிட்டது. ஏசியைப் போட்டால் விசிறிக்கு வேறு வழியாகக் கரண்ட் போய்விடும். அதனால் ஏசி ஓடும்போது எஞ்சினுக்கும் காற்று கிடைக்கும். ஏசி இல்லாவிட்டால், வண்டி வேகமாக ஓடும்போது வரும் காற்றுதான் காற்று. நின்றாலோ ஊர்ந்தாலோ கொதித்துவிடும். ஷெட்டில் பார்த்தவுடனே சொல்லிவிட்டார்களாம்.

"எப்ப சொன்னாங்க?"

"ஆடி மாசம்."

அம்மா மாதங்களை விரல்விட்டு எண்ணினாள். "ஆவணியில என்னை எலுமிச்சம்பழத்தத் தாண்டி ஏறச் சொன்னீங்க" என்றாள்.

அப்பா கேனின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஏன் மாத்தல?"

"மாத்தினா கொதிக்கிறது நின்னுடும்."

"நிக்கட்டுமே!"

"நின்னா ஏன் நின்னுச்சுன்னு அக்கா கேப்பா. என்ன சொல்றது? ஆசையாக் கொடுத்த வண்டி. பழுதுள்ளதக் கொடுத்தீங்கன்னு சொன்ன மாதிரி ஆயிடும். அத்தானும் ஒரு மாதிரி நினைப்பாரு." கொஞ்சம் நிறுத்தி, மிக நியாயமான ஒன்றைச் சொல்பவரைப் போல, "நீயும் அடிக்கடி ஏறுறதில்லையே" என்றார்.

என் அம்மா சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அன்றும் போடவில்லை. குரல் தாழ்ந்துகொண்டே போனது. "வண்டியக் குறை சொல்லக் கூடாது. என்னைச் சொல்லலாம். வண்டி உங்க அக்கா வீட்டுது. நான் யாரு வீட்டுது?" என்றாள். அம்மா குனிந்து, முன்பக்கம் கட்டியிருந்த எலுமிச்சைச் சரத்தை ஒரே இழுப்பில் அறுத்து வாய்க்காலில் எறிந்தாள்.

பேருந்து பிடிக்க வேண்டுமென்றால் வந்த வழியே நெடுஞ்சாலைக்குத் திரும்பி நடக்க வேண்டும். எஞ்சின் ஆறுவதற்கும் காத்திருக்க வேண்டும். காத்திருந்தோம். அம்மாவின் கைப்பேசி அடித்தது. "எங்கம்மா இருக்க?" என்ற மாமாவின் குரல் எனக்கே கேட்டது. "வந்துட்டே இருக்கேன் அண்ணே" என்றாள். அப்பா வாய்க்கால் தண்ணீரை ஊற்றி முடித்துக் காரைக் கிளப்பினார். "ஏசியைப் போடுங்க" என்றாள் அம்மா. விசிறி உறுமிக்கொண்டு சுற்றியது. "அணைங்க." நின்றது. "போடுங்க." சுற்றியது. பள்ளி ஆய்வகத்தில் மாணவர்களுக்குக் காட்டுவதைப்போல அதைத் தன் கண்ணாலே பார்த்து உறுதிசெய்துகொண்டாள். பிறகு உள்ளே ஏறி, "கண்ணாடிய ஏத்திடு கண்ணு" என்று என்னிடம் சொன்னாள்.

டீக்கடை வாசலில் அத்தை ஏறிக்கொண்டாள். "அப்பாடா, இன்னைக்காவது ஏசி போட்டீங்களே" என்றாள்.

மயிலாடுதுறை வருவதற்குள் அம்மாவுக்கு இருமல் தொடங்கிவிட்டது. முந்தானையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு, ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்து விட்டாள். செம்பனார்கோயிலில் விசில் போன்ற சத்தம் அவள் நெஞ்சிலிருந்து வந்தது. முள் பாதியிலேயே நின்றது. கார் ஒருமுறைகூடச் சுணங்கவில்லை. அப்பா கண்ணாடியில் பின்னால் பார்த்துப் பார்த்து ஓட்டினார். கண்ணாடியில் அவர் கண்கள் தெரியும்போதெல்லாம் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திருக்கடையூரில் ஒரே காலையில் பல கல்யாணங்கள் நடக்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இடமும் நேரமும் ஒதுக்கியிருப்பார்கள். ஒரு தம்பதி எழுந்தவுடன் அடுத்த தம்பதி உட்கார வேண்டும். யாருக்காகவும் யாரும் காத்திருக்க முடியாது. நாங்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனபோது மாமாவும் மாமியும் கல்யாண உடையும் மாலையுமாக எழுந்து நின்றிருந்தார்கள். அவர்கள் இருந்த இடத்தில் வேறு யாரோ ஒரு முதிய தம்பதியை உட்காரவைத்துக்கொண்டிருந்தார்கள். முன்பு முடிச்சுப் போட்ட அதே பெரியப்பா மகள்தான் இந்தத் தடவையும் போட்டிருந்தாள்.

மாமா அம்மாவைப் பார்த்துவிட்டு, "வந்துட்டியா பாப்பா" என்றார். "கடைசிவரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேம்மா. அய்யர் நேரம் முடிஞ்சுதுன்னுட்டார்." அம்மா பேச வாயெடுத்தாள். மூச்சு வரவில்லை. அவளுடைய நெஞ்சுச் சத்தத்தைக் கேட்டு மாமியின் அக்கா ஓடிவந்து வெந்நீர் கொடுத்தாள். அம்மாவின் கண்களில் நீர் வழிந்தது. இருமலால் என்று சிலர் நினைத்தார்கள். வருத்தத்தால் என்று சிலர் நினைத்தார்கள். அது ஆத்திரம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"ஏன் இவ்வளவு லேட்டு?" என்று யாரோ கேட்டார்கள்.

அத்தை கலகலவென்று சிரித்தாள். "ஐயோ, அதை ஏன் கேக்குறீங்க! வழியில வண்டி கொதிச்சுப்போச்சு. இவ ஏறினாலே அப்படித்தான், எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும். ராசி அப்படி. என்னடா தம்பி?"

அம்மாவின் பிறந்த வீட்டு மனிதர்கள் அத்தனை பேரும் அங்கே நின்றார்கள். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள். அப்பா சிரித்தார். ஆமாம் என்றும் இல்லை என்றும் சேராத ஒரு சிரிப்பு. சிரித்துவிட்டு, கையிலிருந்த தாம்பூலப் பையைச் சரிசெய்யத் தொடங்கினார்.

எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. வாய்க்கால் கரையில் அவர்களுக்குப் பக்கத்தில் நின்றவள் நான்தானே. "அத்தை, அது அம்மா இல்ல, அந்த ஃபேன்..." என்று தொடங்கினேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். வலிக்கும்படி அழுத்தினாள். நான் நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த வாரமே அப்பா யாருக்கும் தெரியாமல் அந்தச் சுவிட்சை மாற்றிவிட்டார். அதற்குப் பிறகு ஏசி இல்லாமலும் கார் கொதிக்கவில்லை. அத்தைக்கு இதில் எந்தக் குழப்பமும் ஏற்படவில்லை. "அபிராமி சன்னதிய மிதிச்சுட்டு வந்ததும் அவளப் புடிச்சிருந்த தோஷம் விட்டுப்போச்சு" என்று ஊரெல்லாம் சொல்லி, அம்மன் பெயரில் சர்க்கரைப் பொங்கலும் செய்து கொடுத்தனுப்பினாள். அப்பா அதை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். பழுதான ஒரு சுவிட்சைச் சரிசெய்ததன் மூலம், அம்மாதான் காரணம் என்பதை அவர் என்றைக்குமாக நிரூபித்து முடித்தார். அம்மா அதற்குப் பிறகும் பேருந்தில்தான் போனாள்.

அப்பா கெட்டவர் இல்லை. அம்மாவுக்கு இளைப்பு வந்த இரவுகளில் விழித்திருந்து நெஞ்சுக்குத் தைலம் தடவியவர் அவர்தான். தன்னை வளர்த்தவளின் முகம் வாடுவதை அவரால் தாங்க முடியாது. அம்மாவின் முகம் வாடுவதைப் பார்க்க அவர் பழகியிருந்தார். இந்த வேறுபாட்டை எழுதும்போது இன்றும் என் கை சூடாகிறது.

கோபப்பட்டவளே ஏன் என் வாயை அடைத்தாள் என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை. அவளுக்காகப் பேசப்போன என்னைத் தண்டித்துவிட்டாள் என்று பல நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். நான் சொல்லியிருந்தால் அது குழந்தை உளறியது என்று சிரிப்பில் முடிந்திருக்கும். அப்பாவும் அதோடு தப்பித்திருப்பார். அதைச் சொல்ல வேண்டியவர் அவர். அத்தனை பேருக்கு நடுவில் இல்லாவிட்டாலும், வீட்டுக்கு வந்த பிறகாவது, அக்காவிடம் தனியாகவாவது ஒருமுறை அவர் சொல்ல வேண்டும் என்று அம்மா காத்திருந்தாள். நினைவூட்டவில்லை, சண்டை போடவில்லை, காத்திருந்தாள்.

மாமா எழுபதைத் தொடவில்லை. அப்பாவும் அதைச் சொல்லாமலே போன ஆண்டு போய்விட்டார். அத்தை இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அம்மாதான் அவளைப் பார்த்துக்கொள்கிறாள். அத்தைக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது. அன்று அந்தக் காரில் போனவர்களில் அம்மாவும் அத்தையும் நானும் இருக்கிறோம்.